‘ஒண்ணும் பண்ணாது, வாங்க!’

வீட்டு நாய் உறுமினால் அடிக்கிறோம். கடித்தால் அந்த ரகத்தையே தடை செய்கிறோம். இரண்டு தண்டனையும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன.

ஒரு பிறந்தநாள் வீடு. ஹால் முழுக்க பலூன், மேஜையில் கேக், சொந்தக்காரர்கள் கூட்டம். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு லாப்ரடார் ஒதுங்கிப் படுத்திருக்கிறது. ஐந்து வயதுப் பையன் ஓடிப்போய் அதன் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறான். “அப்படியே இருடா, அப்படியே இரு” என்று மாமா போனைத் தூக்குகிறார். நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது. நாக்கை நீட்டித் தன் மூக்கையே நக்குகிறது. தூக்கக் கலக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி. காதுகள் பின்னுக்கு மடிகின்றன. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. பிறகு உடம்பு விறைத்து, அசைவே இல்லை. கடைசியாகத் தொண்டைக்குள்ளிருந்து தாழ்ந்த உறுமல். வீட்டுக்காரர் பாய்ந்து வந்து மூக்கின் மேல் ஓர் அறை வைத்து, “நோ! பேட் பாய்!” என்று அதட்டி, இழுத்துக்கொண்டு போய் பால்கனியில் கட்டுகிறார். திரும்பி வந்து பையனின் அம்மாவிடம் சொல்கிறார்: “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது.”

எந்த ஒரு வீட்டையும் குறிப்பிட்டுச் சொன்னதல்ல இது. நாய் வளர்க்கும் யாரும் இதன் ஏதோ ஒரு பாதியையாவது பார்த்திருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது நாய் உறுமியதை அல்ல, அதற்கு முன்னால் அது எத்தனை விதமாக ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்தது என்பதை. முகம் திருப்பியது, நக்கியது, கொட்டாவி விட்டது, விறைத்தது எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. எல்லோருக்கும் கேட்ட ஒரே மொழி உறுமல். அதற்குக் கிடைத்ததோ அறை. இந்த அறையிலிருந்து நாய் என்ன கற்றுக்கொள்ளும்? பையன் கட்டிப்பிடிப்பது நல்ல விஷயம் என்று நிச்சயமாகக் கற்றுக்கொள்ளாது. பையன் பக்கத்தில் வந்தால் வலியும் வரும் என்று கற்றுக்கொள்ளலாம். கடிப்பதற்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்றும் கற்றுக்கொள்ளலாம். “ஒரு அறிகுறியும் இல்லாமல் திடீர்னு கடிச்சிடுச்சு” என்று உரிமையாளர்கள் பிறகு சொல்லும் நாய்களில் பல, அறிகுறி காட்டக் கூடாது என்று வீட்டிலேயே பழக்கப்படுத்தப்பட்டவை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு சூடானது 2024 மே மாதத்தில். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் தாக்கி 55 வயது ஆண் ஒருவர் உயிரிழந்தார். இந்தச் சம்பவங்களை ஒட்டி உரிமம், மைக்ரோசிப், அபராதம், தடை என்று அடுத்தடுத்து உத்தரவுகள். இவை எல்லாம் நாய் கடித்த பிறகு யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கான பதில்கள். கடிக்கும் அளவுக்கு அந்த நாய் எப்படிப் போனது, அதுவரை வீட்டில் என்ன நடந்தது என்ற கேள்வி அந்த உத்தரவுகளின் எல்லைக்குள் வரவே இல்லை.

அடித்தால் அடங்கும், அப்புறம்?

அடியாத மாடு படியாது என்பது நம் ஊரில் மாட்டுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. பிள்ளைக்கும் சொன்னோம், நாய்க்கும் சொல்கிறோம். அடித்தால் நாய் அடங்குகிறது என்பதும் பொய்யல்ல. கழுத்தில் முள் செயினை மாட்டி ஒரு சுண்டு சுண்டினால் குரைப்பு அந்த நொடியில் நிற்கும். ட்ரெயினர் வந்து போன முதல் வாரத்தில் வீடே மெச்சும். ஆனால், நிற்பது குரைப்புதான். குரைக்க வைத்த பயம் அங்கேயேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரானும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நடத்தைப் பிரச்சினைக்காகத் தங்கள் நாயைக் கூட்டிவந்த 140 உரிமையாளர்களிடம், அதுவரை வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் எப்படி நடந்துகொண்டது என்று கேட்டார்கள். அடித்ததாகவோ உதைத்ததாகவோ சொன்னவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் பதிலுக்குச் சீறியிருந்தன. வாயில் இருந்த பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கியபோது 39 சதவீதம். மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடித்தபோது 31 சதவீதம். நாயை வெறித்துப் பார்த்ததற்கே 30 சதவீதம். இவை ஏற்கெனவே சிக்கல் உள்ள நாய்கள் என்பது உண்மை. ஆகவே எல்லா நாய்க்கும் இதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், உரிமையாளர்கள் கை ஓங்குவது பெரும்பாலும் சிக்கல் உள்ள நாயின் மேல்தானே? 2020-ல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தண்டனை வழியில் பழக்கும் பள்ளிகளில் படித்த நாய்களிடம் மன அழுத்த நடத்தைகள் கூடுதலாக இருந்தன. பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவும் அதிகமாக இருந்தது.

இந்த அடிக்கு ஒரு தத்துவமும் பின்னால் இருக்கிறது: ‘வீட்டில் யார் பாஸ் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்.’ ட்ரெயினர்கள் சொல்வார்கள், யூடியூப் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். நாய் முதலில் வாசலைத் தாண்டக் கூடாது, நாம் சாப்பிட்ட பிறகே அதற்குச் சாப்பாடு, சோபாவில் ஏறினால் அது நம்மை ஆளப் பார்க்கிறது என்பதெல்லாம் இதன் கிளைகள். இதன் வேர் 1947-ல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்வு, ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்கு எப்போதும் சண்டை நடக்கும் என்றது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த அதே மீச், 1999-ல் கருத்தை மாற்றிக்கொண்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள் அடங்கிய குடும்பம். அங்கே பதவிச் சண்டைக்கு வேலையே இல்லை என்று எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை வைத்து நம் வீட்டு ஹாலில் இன்னமும் ஒரு பொமரேனியனை மல்லாக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

‘அந்தக் காலத்தில் எந்த ட்ரெயினர் வந்தார்? தாத்தா வீட்டு நாய் ஒழுங்காகத்தானே இருந்தது?’ என்பது நியாயமான கேள்வி. அந்த நாய்க்கு ஒரு வசதி இருந்தது: விலகிப் போகலாம். திண்ணையில் படுத்திருக்கும், பிள்ளைகள் தொந்தரவு செய்தால் எழுந்து வைக்கோல் போர் பக்கம் போய்விடும், பிடிக்காதவர் வந்தால் பத்தடி தள்ளி நின்று குரைக்கும். அந்தப் பத்தடிதான் அதன் ஒழுக்கத்தில் பாதி. 800 சதுர அடி ஃபிளாட்டில், கழுத்தில் பெல்ட்டோடு, லிஃப்டுக்குள் இன்னொரு நாயை நேருக்கு நேர் பார்க்கும் நாய்க்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. விலக முடியாதபோது உறுமும். உறுமவும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது பல். முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையையும் கன்னியையும் மூன்றாவது மாடியில் பூட்டிவிட்டு, அவை சோபாவைக் கிழிக்கின்றன என்று குறைபட்டுக்கொள்வதும் இதே கணக்குதான்.

பெட்டிச் செய்தி: உறுமலுக்கு முன்னால்

முகத்தைத் திருப்புவது, உதட்டையும் மூக்கையும் அடிக்கடி நக்குவது, காரணமில்லாத கொட்டாவி, காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலை ஒடுக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டுத் தட்டின் மேலோ எலும்பின் மேலோ குனிந்தபடி அசையாமல் நின்றுவிடுவது. வால் ஆடுகிறது என்பதால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உடம்பு விறைத்து வால் மட்டும் உயரே நின்று குறுக்காக ஆடினால் விலகுவதே நல்லது. இந்த நேரத்தில் அதட்ட வேண்டாம். குழந்தையை மெல்ல அப்பால் கூப்பிடுங்கள். நாயைத் தொட்டு இழுக்க வேண்டாம்.

குட்டியாக இருந்தபோது நடக்காதவை

1965-ல் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து எழுதிய நூல் இந்தத் துறையின் அடித்தளம். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை அதன் மனம் புதியவற்றை ஏற்கத் திறந்திருக்கிறது. அந்த நாட்களில் அது பார்த்துப் பழகிய மனிதர்களும் சத்தங்களும் பிற்பாடு சாதாரணமாகிவிடும், பார்க்காதவை பயமாகிவிடும். அதே இடத்தில் 1961-ல் வெளிவந்த சோதனையில், பதினான்கு வாரம் வரை மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு மிரண்டன.

நம் ஊரில் அந்த வாரங்களில் என்ன நடக்கிறது? 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால், முப்பது, நாற்பது நாள் குட்டியை ஷூ பெட்டியில் வைத்துக் கொடுக்கும் பிரீடர்கள் இருக்கிறார்கள். ‘சின்னதா இருந்தா நல்லா ஒட்டிக்கும்’ என்று கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். தாயிடமும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான் குட்டி தன் கடியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தப் பழகுகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த சிக்கல்: ‘ஊசி எல்லாம் முடியும்வரை வெளியே விடாதீர்கள்.’ பார்வோ கிருமி குட்டிகளைக் கொல்வது நிஜம். கால்நடை மருத்துவர்கள் இந்த எச்சரிக்கையைச் சும்மா கொடுப்பதில்லை. ஆனால், ஊசி அட்டவணை முடியும்போது குட்டிக்கு நான்கு மாதம். மனக்கதவும் அப்போது ஏறக்குறைய மூடியிருக்கும். கால்நடை நடத்தை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் இதை எடைபோட்டு, முதல் தவணை ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் பாதுகாப்பான முறையில் வெளியுலகைக் காட்டத் தொடங்கலாம் என்கிறது. மூன்று வயதுக்குள் நாய்கள் சாவதற்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைப் பிரச்சினை என்பது அவர்கள் சொல்லும் காரணம். கடிக்கும் நாயை அங்கே கருணைக்கொலை செய்துவிடுவார்கள். இங்கே தெருவில் விடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியுலகைக் காட்டக் குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டும் என்றில்லை. கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாலே போதும்: ஹெல்மெட் போட்ட கூரியர்காரர், குடை பிடித்த பாட்டி, குக்கர் விசில், ஆட்டோ சத்தம், தாடி வைத்தவர், கைத்தடி ஊன்றியவர் எல்லாம் அந்த உயரத்திலிருந்தே தெரியும்.

இதற்கு அடுத்தபடி, நாயின் ‘திமிர்’ என்று நாம் சொல்வதில் கணிசமானது வலி. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸ் தலைமையிலான குழு 2020-ல், நடத்தைப் பிரச்சினை என்று தங்களிடம் வரும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்றது. இடுப்பு மூட்டு தேய்ந்த ஜெர்மன் ஷெப்பர்ட், காதுக்குள் சீழ் கட்டிய காக்கர் ஸ்பானியல், பல் சொத்தையான பொமரேனியன் எதுவுமே நொண்டியோ அழுதோ காட்டாமல் இருக்கலாம். தொட்டால் சீறும்; அவ்வளவுதான் தெரியும். எல்லோரிடமும் குழைந்துகொண்டிருந்த ஆறு வயது நாய் திடீரென்று உறும ஆரம்பித்தால் முதலில் போக வேண்டிய இடம் ட்ரெயினர் வீடு அல்ல, கால்நடை மருத்துவமனை.

மற்றது பயம். ஃபின்லாந்தில் 13,715 வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு 2020-ல் வெளியான ஆய்வில், 72.5 சதவீத நாய்களுக்கு ஏதாவது ஒரு பதற்றப் பிரச்சினை இருந்தது. முதலிடம் சத்தத்துக்குப் பயப்படுவது. தீபாவளி வாரத்தில் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் நாயை ‘வீரமா இரு’ என்று மொட்டைமாடிக்கு இழுத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பதும் ஆதாரமில்லாத பேச்சு. கூட இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை.

பட்டியலில் இல்லாத நாய்

2024 மார்ச் 12-ல் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 23 ரக நாய்களைக் குறிப்பிட்டு, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம், ஆயிரம் விளக்கு சம்பவம் நடந்த சில நாட்களில், தமிழ்நாட்டில் அதே பட்டியலை ஒட்டி ஒரு தடை வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 டிசம்பர் 20 முதல் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் இல்லை என்றும், மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது.

ரகம் முக்கியமே இல்லை என்று நாய்ப் பிரியர்கள் சிலர் வாதிடுவது சரியல்ல. நாற்பது, ஐம்பது கிலோ எடையுள்ள நாய் கடிப்பதும் ஐந்து கிலோ நாய் கடிப்பதும் ஒன்றல்ல. கடி எவ்வளவு ஆழம் என்பதை உடல் தீர்மானிக்கிறது. பூட்டு போடத் தெரியாதவர் கையில் ராட்வைலர் இருக்கக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. வாதம் அதுவல்ல. எந்த நாய் கடிக்கும் என்பதை ரகத்தின் பெயர் முன்கூட்டிச் சொல்லுமா என்பதே கேள்வி. 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தைத் தகவல்களையும் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். தனித்தனி நாய்களுக்கு இடையிலான நடத்தை வேறுபாட்டில் ரகத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதமே. நெதர்லாந்து 1993-ல் பிட்புல் வகைக்குத் தடை போட்டு, நாய்க்கடி குறையாததால் 2008-ல் விலக்கிக்கொண்டது. பிரிட்டன் 1991-லேயே நான்கு வகைகளைத் தடை செய்தது. 1998-க்கும் 2018-க்கும் இடையில் இங்கிலாந்தில் நாய்க்கடியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் லட்சம் பேருக்கு 6.34-லிருந்து 14.99 ஆகக் கூடினார்கள். தடையால்தான் கூடியது என்று யாரும் சொல்லவில்லை; தடையால் குறையவில்லை என்பது மட்டும் தெளிவு. 2023-ல் அந்தத் தடைப் பட்டியலில் ஐந்தாவதாக எக்ஸ்எல் புல்லி என்ற வகையைச் சேர்த்தார்கள். ஒரு பெயரை மூடினால் இன்னொரு பெயரில் அதே மாதிரி நாயை, அதே மாதிரி உரிமையாளர் வாங்குகிறார்.

பட்டியல் பிடிக்காமல் விடுவதற்கு ஓர் உதாரணம் ஹைதராபாத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் பஞ்சாரா ஹில்ஸ் குடியிருப்பு ஒன்றில், சாப்பாடு டெலிவரி கொடுக்கப் போன இளைஞர் மேல் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்து வந்தது. தப்பிக்க முயன்று மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவர் சில நாட்களில் இறந்துபோனார். ஜெர்மன் ஷெப்பர்ட் அந்த 23-ல் இல்லை. நாய் கடிக்கக்கூட இல்லை. வேண்டியிருந்தது கதவைத் திறக்கும் முன் நாயை ஓர் அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போடும் பத்து விநாடி வேலை. ‘ஒண்ணும் பண்ணாது’ என்ற நம்பிக்கையின் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர் அல்ல. கூரியர்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தண்ணீர் கேன் போடுபவர், பூங்காக் காவலாளியின் பிள்ளை.

பெட்டிச் செய்தி: கடித்துவிட்டால்

வளர்ப்பு நாய்தானே என்று விட்டுவிட வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ரேபிஸ் தடுப்பூசி. தோல் கிழிந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவை. விலங்கை அலட்சியமாக வைத்திருந்த உரிமையாளருக்கு பாரதிய நியாய சம்ஹிதா 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டை விட்டுப் போகும் நாய்

அடியும் பலிக்கவில்லை, பயமும் வந்துவிட்டது என்ற கட்டத்தில் உரிமையாளர்கள் செய்வது இரண்டு. ஒன்று, மொட்டைமாடியிலோ கார் ஷெட்டிலோ நாள் முழுக்கக் கட்டிப்போடுவது. மனிதரைப் பார்ப்பதே சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என்றாகும் நாய், யார் வந்தாலும் சங்கிலி அறுந்துபோகும் அளவுக்குப் பாயும். சங்கிலி அறுந்த நாளில் அது செய்தியாகும். இரண்டு, ‘பண்ணை வீட்டுக்குக் கொடுத்துட்டோம்’. அந்தப் பண்ணை வீடு பல நேரங்களில் புறவழிச் சாலை ஓரம். ரோட்டில் வாழத் தெரியாத ஹஸ்கியும் ராட்வைலரும் விலங்கு நலக் காப்பகங்களில் வந்து குவிவது இப்படித்தான்.

‘நடத்தை மருத்துவம் எல்லாம் பணக்காரர் சமாச்சாரம், எங்களுக்கு ஏது நேரம், காசு?’ என்ற ஆட்சேபம் பாதி உண்மை. விலங்கு நடத்தையில் தேர்ந்த மருத்துவர்கள் நம் மாநிலத்தில் அரிது. ‘டாக் ட்ரெயினர்’ என்று போர்டு மாட்ட எந்தப் படிப்பும் கேட்கப்படுவதில்லை. ஆனால், முதல் கட்ட வேலைகளுக்குக் காசு தேவையில்லை. சாப்பிடும் நாயின் தட்டில் கை வைக்காமல் இருக்கலாம். வாயில் உள்ளதைப் பிடுங்காமல், அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். யாரும் தொடாத ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி, அங்கே போனால் குழந்தைகள் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடலாம். வாய்மூடியைத் தண்டனையாக மாட்டாமல், அதற்குள் கொஞ்சம் தயிர் தடவி நாயே முகத்தை நுழைக்கும்படி ஒரு வாரம் பழக்கினால், அது வெளியே போகும் நேரத்துக்கான அடையாளமாகிவிடும். இவை நாயைக் குணப்படுத்தாது. குணமாகும்வரை யாரும் கடிபடாமல் பார்த்துக்கொள்ளும்.

எல்லா நாயும் இப்படிச் சரியாகிவிடும் என்று சொல்வதும் ஏமாற்று. எவ்வளவு பொறுமையாகப் பழக்கினாலும் ஒரு குழந்தை உள்ள வீட்டில் நம்பி விட முடியாத நாய்கள் சில உண்டு. அவற்றை வேறு வீட்டுக்கு மாற்றுவதா, இல்லை அதைவிடக் கடுமையான முடிவா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கும். அப்படி முடிவெடுத்த குடும்பத்தைக் கொடூரமானவர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால், அந்த நிலைக்கு வரும் முன் எத்தனை பேர் அந்த நாயைப் பார்த்திருப்பார்கள் என்றும் யோசிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ரேபிஸ் ஊசிக்காக நாய் மருத்துவரிடம் வருகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் சென்னையில் உரிமம் இல்லை. உரிமம் கேட்பது ஊசி, மைக்ரோசிப் விவரங்களைத்தான். ஊசி போடும் அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்: இந்த ஒரு வருடத்தில் யாரைப் பார்த்தாவது உறுமியதா? எப்போது, எதற்காக? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மருத்துவர் நாயின் அட்டையில் எடைக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம்.